உரிமக் கண்காணிப்பில் இருக்கும் செவிலியருக்குக் கிடைத்த வேலை கைநழுவினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் செவிலியராகப் பணிபுரிந்து, மதுவாலோ மருந்துப் பழக்கத்தாலோ ஒரு கட்டத்தில் உரிம வாரியத்தின் கண்காணிப்புக்குள் வந்து, இப்போது தேறி வேலை தேடுகிறவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. நேர்காணல் நன்றாக முடிந்து, ஆஃபர் லெட்டரும் வந்து, சேரும் தேதிகூடக் குறிக்கப்பட்ட பிறகு, மனிதவளத் துறையிலிருந்து வரும் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் கலைந்துபோவது இவர்களுக்கு அடிக்கடி நேர்கிறது. பலருக்கு அது ஒருமுறையோடு நிற்பதும் இல்லை. சட்டமும் வாரிய விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், இங்குள்ளதைப் படித்து நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். எதிலும் கையெழுத்திடும் முன் உங்கள் மாநிலத்தில் செவிலியர் உரிம வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

உரிமக் கண்காணிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது எது?

இதில் இரண்டு வகை உண்டு. தாம் எந்த வகையில் இருக்கிறோம் என்பதைத் தெளிவாக அறியாமலே விண்ணப்பம் போடுகிறவர்கள் பலர்.

முதல் வகை, வாரியம் பிறப்பிக்கும் ஒழுங்கு நடவடிக்கை ஆணை. உரிமம் செல்லும், ஆனால் நிபந்தனைகளோடு செல்லும். ப்ரொபேஷன் என்று அழைக்கப்படும் இந்த நிலை எல்லோர் பார்வைக்கும் திறந்தது. மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பு நடத்தும் நர்சிஸ் தரவுத்தளத்தில் உங்கள் பெயரைத் தேடும் எவரும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம். இரண்டாம் வகை, தண்டனைக்கு மாற்றாக ஏற்படுத்தப்பட்ட சிகிச்சை மற்றும் கண்காணிப்புத் திட்டம். ஃப்ளோரிடாவில் 1983-இல் தொடங்கிய ஐ.பி.என். திட்டமும் டெக்சாஸில் 1987-இல் தொடங்கிய டி.பி.ஏ.பி.என். திட்டமும் இவ்வகையில் மூத்தவை. ஒப்பந்தப்படி நடந்துகொள்பவரின் பெயர் பெரும்பாலும் பொதுவெளிக்கு வருவதில்லை.

இரண்டு வகையிலும் அன்றாட வாழ்க்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொரு நாளும் காலையில் செயலியிலோ தொலைபேசியிலோ பதிவு செய்து, இன்று பரிசோதனை உண்டா என்று பார்க்க வேண்டும்; பெயர் வந்தால் அன்றைக்கே போய்ச் சிறுநீர் கொடுக்க வேண்டும்; கட்டணமும் பெரும்பாலும் உங்களுடையதே. வேலையைப் பொறுத்தவரை, சில மாதங்கள் முதல் ஓராண்டு வரை நார்கோட்டிக் எனப்படும் போதை தரக்கூடிய வலிமருந்துகளைத் தொடக்கூடாது, இரவு ஷிஃப்ட் கூடாது, ஓவர்டைம் கூடாது, ஏஜென்சி வழியாகவோ வீடு சென்று பராமரிக்கும் பணியிலோ சேரக்கூடாது, உங்கள் ஒப்பந்தத்தை அறிந்த ஒரு பணியிடக் கண்காணிப்பாளர் இருக்க வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். இப்படி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை ஓடுவது சாதாரணம்.

வேலையைக் கொடுத்துவிட்டு ஏன் திரும்பப் பெறுகிறார்கள்?

உங்களை வேண்டாம் என்று சொன்னவர் பெரும்பாலும் உங்களைப் பார்த்தே இருக்கமாட்டார் என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். நேர்காணல் செய்யும் வார்டு மேலாளருக்கு ஆள் தேவை. அவர் உங்களிடம் பேசிப் பார்த்து, பிடித்துப்போய், சரி என்கிறார். அதன் பின்னர்தான் உங்கள் ஒப்பந்தத்தின் நகல் ஊழியர் நலப் பிரிவுக்கும், மனிதவளத் துறைக்கும், சட்டப் பிரிவுக்கும் போகிறது. அங்கே இருப்பவர்களுக்கு நீங்கள் ஒரு தாள் மட்டுமே. தடை ஏதுமற்ற உரிமம் வேண்டும் என்று அவர்களின் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தால் பேச்சு அந்த வரியிலேயே முடிந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் வார்டின் நடைமுறையில் இருக்கிறது, இதைக் கோபமில்லாமல் பார்ப்பது உங்களுக்குத்தான் பயன்படும். அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு வார்டில் ஏறக்குறைய எல்லா நோயாளிக்கும் ஓபியாய்டு வலிமருந்து எழுதப்பட்டிருக்கும். பிக்ஸிஸ், ஆம்னிசெல் போன்ற மருந்துப் பெட்டகங்களில் அந்த இழுப்பறையைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை என்றால், உங்கள் நோயாளிகளுக்கான ஒவ்வொரு டோஸையும் வேறொருவர் தம் வேலையை விட்டுவந்து கொடுக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் வார்டில் இதை ஏற்பாடு செய்ய மேலாளர் தயங்குவார். பகல் ஷிஃப்ட் மட்டும், வேறு வார்டுக்கு மாற்றி அனுப்பக்கூடாது, கண்காணிப்பாளர் அதே நேரத்தில் பணியில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் சேரும்போது, அவருடைய ஷிஃப்ட் அட்டவணையில் உங்கள் பெயரை எழுத இடமே இல்லாமல் போகிறது.

இந்த இரண்டு காரணங்களில் எது உங்களுக்கு நேர்ந்தது, அல்லது வேறு காரணமா என்று தெரிந்துகொள்வது அவசியம். வார்டின் நடைமுறை காரணம் என்றால், அதே மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் உங்களுக்கு இன்னும் இடம் இருக்கலாம். விதிப் புத்தகத்து வரி காரணம் என்றால், ஆணை நீங்கும் வரை அந்த நிறுவனத்தின் எந்தக் கிளையிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். பழைய நோயைப் பற்றிய அச்சமே காரணம் என்றால், அது சட்டத்துக்கு உட்பட்ட விஷயம்.

இப்படித் திரும்பப் பெறுவது சட்டப்படி செல்லுமா?

பல நேரங்களில் செல்லும். ஆனால் எல்லா நேரங்களிலும் அல்ல. மோன்டானா தவிர மற்ற மாநிலங்களில், ஒப்பந்தமோ சட்டமோ தடுக்காத வரை, வேலை கொடுப்பவர் காரணம் சொல்லாமலே வேலையை நிறுத்தலாம் என்பதே பொது விதி. ஆஃபர் லெட்டரிலும் பின்னணிச் சோதனை, உரிமச் சரிபார்ப்பு, உடல் தகுதி ஆகியவற்றுக்கு உட்பட்டது என்ற வாசகம் பெரும்பாலும் இருக்கும்.

ஆனால் 1990-இல் இயற்றப்பட்ட அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம், 15 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. மதுப் பழக்க நோயும், முன்னர் இருந்து இப்போது விலகிய போதைப் பழக்கமும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரக்கூடியவை. இப்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவருக்கு அது பொருந்தாது. ‘இப்போது’ என்பதை நீதிமன்றங்கள் அந்த ஒரு நாளை மட்டும் குறிப்பதாகக் கொள்ளாமல், அண்மைய வாரங்களையும் மாதங்களையும் சேர்த்தே பொருள் கொண்டிருக்கின்றன. ஆஃபர் கொடுக்கும் முன் நோய் பற்றிக் கேட்கக்கூடாது. ஆஃபர் கொடுத்தபின் கேட்கலாம். ஆனால் அதே பணிக்கு வரும் அனைவரிடமும் கேட்க வேண்டும், கிடைத்த பதிலைக் காரணமாக வைத்து வேலையை மறுத்தால் அந்தக் காரணம் பணியோடு நேரடித் தொடர்புடையதாகவும் நிறுவனத்தின் உண்மையான தேவையாகவும் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. நாங்கள் நோயைக் காரணமாக வைத்து மறுக்கவில்லை, உரிமத்தில் உள்ள தடையால் இந்தப் பணியின் முக்கியக் கடமையை இவரால் செய்ய இயலாது என்பதால் மறுத்தோம் என்று நிறுவனம் வாதிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அந்த வாதம் எடுபடலாம். அங்கே முக்கியக் கடமையை உங்களுக்காக நீக்கித் தரும்படி சட்டம் எந்த முதலாளியையும் வற்புறுத்துவதில்லை. நார்கோட்டிக் மருந்தே புழங்காத தொலைபேசி ஆலோசனைப் பிரிவில் அதே வாதத்தைச் சொன்னால் அது வலுவிழக்கிறது. ஆகவே உங்கள் வழக்கின் பலம், அந்தப் பணி அன்றாடம் எதைக் கேட்கிறது என்பதில்தான் இருக்கிறது. பணி விவரம் அடங்கிய விளம்பரத்தை, அது இணையத்தில் இருந்து எடுக்கப்படும் முன், சேமித்து வையுங்கள்.

புகாரைச் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் 180 நாட்களுக்குள் பதிய வேண்டும். இதே உரிமையைக் காக்கும் அமைப்பு உள்ள மாநிலங்களில் 300 நாட்கள் வரை அவகாசம் உண்டு. இதற்குக் கட்டணம் இல்லை. வழக்குத் தொடர அனுமதிக்கும் கடிதம் ஆணையத்திடமிருந்து வந்துவிட்டால், அதன்பின் நீதிமன்றம் செல்ல 90 நாட்கள் மட்டுமே. மனம் தேறட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளிப்போட்டு இந்தக் கெடுவை இழந்தவர்களுக்காக எனக்கு மிகவும் வருத்தம் உண்டு.

பின்னணிச் சோதனை அறிக்கையைக் காரணம் காட்டினால்?

வெளி நிறுவனம் ஒன்று தயாரித்த அறிக்கை என்றால், 1970-ஆம் ஆண்டின் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் அதற்கும் பொருந்தும். வேலையை மறுக்கும் முன் அறிக்கையின் நகலையும் உங்கள் உரிமைகளின் சுருக்கத்தையும் தர வேண்டும்; பதில் சொல்ல நியாயமான அவகாசம் கொடுத்த பின்னரே முடிவைத் தெரிவிக்க வேண்டும். அறிக்கையில் பிழை இருந்தால் அதைத் தயாரித்த நிறுவனத்திடம் ஆட்சேபம் எழுப்புங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரித்தாக வேண்டும். முடிந்துபோன ஆணையை நடப்பில் இருப்பதாகக் காட்டியிருப்பதும், ஒரே பெயருள்ள வேறொருவரின் பதிவு கலந்திருப்பதும் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியவை. தந்தை பெயரையோ கணவர் பெயரையோ முன்னும் பின்னும் மாற்றி எழுதிப் பழகிய நம்மவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருப்பது நல்லது.

வாரியத்தின் பகிரங்க ஒழுங்கு நடவடிக்கைகள் தேசிய மருத்துவப் பணியாளர் தரவு வங்கிக்கும் போகின்றன. உங்களைப் பற்றி அங்கே என்ன இருக்கிறது என்று கட்டணம் செலுத்தி நீங்களே கேட்டுப் பெறலாம். அடுத்த விண்ணப்பத்துக்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.

செய்தி வந்த அன்றைக்கே என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, மறுநாள் காலைப் பதிவைத் தவறவிடாமல் இருப்பது. இதைச் சொல்வது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். வேலை போனதாகச் செய்தி கேட்டு அழுதுகொண்டிருப்பவரிடம் செயலியைத் திறந்தீர்களா என்று கேட்பதா என்று நினைக்கலாம். ஆனால் வேலை போவது ஒன்று, உரிமம் போவது வேறு. தவறிய பதிவு ஒப்பந்த மீறலாக எழுதப்படும். தவறிய பரிசோதனையைப் பல திட்டங்கள், மதுவோ போதைப்பொருளோ இருப்பதாக வந்த முடிவாகவே எண்ணுகின்றன. கைநழுவிய வேலைக்கு இன்னொரு வேலை வரும். மீறலுக்குப் பின் நீளும் கண்காணிப்புக் காலத்தை எந்த வேலையும் குறைத்துத் தராது.

அதன்பின், அழைத்தவரின் பெயர், நேரம், அவர் சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை நினைவில் இருக்கும்போதே எழுதிவையுங்கள். பிறகு ஒரு சிறிய மின்னஞ்சல் அனுப்புங்கள்: வாய்ப்புக்கு நன்றி, முடிவுக்கான காரணத்தை எழுத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும், நார்கோட்டிக் கட்டுப்பாடு காரணம் என்றால் அந்தக் கட்டுப்பாடு இன்ன தேதியில் நீங்குகிறது, அந்தக் கட்டுப்பாடு தேவைப்படாத பணி ஏதும் உங்களிடம் இருந்தால் என்னைக் கருதவும். கோபத்தை அதில் கொட்ட வேண்டாம். அந்த மின்னஞ்சல் நாளை ஆணையத்தின் கோப்பிலும் இருக்கலாம், அதே மேலாளர் வேறு மருத்துவமனைக்கு மாறிய பிறகு அவர் நினைவிலும் இருக்கலாம்.

மூன்றாவதாக, உங்கள் திட்ட அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள். பணி மாற்றத்தைக் குறித்த நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் உள்ள விதி. மேலும், கண்காணிப்பில் உள்ளவர்களை ஏற்றுக்கொண்ட நிறுவனங்கள் எவை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்; கேட்காதவருக்கு அவர்கள் தாமாகச் சொல்வதில்லை.

கண்காணிப்பைப் பற்றி எந்தக் கட்டத்தில் சொல்வது?

விண்ணப்பத்தில் நேரடியாகக் கேட்கப்பட்டால் உண்மையை எழுத வேண்டும். இதில் இரண்டாவது வழி இல்லை. பொய் சொல்லி வேலையில் சேர்ந்தவரை அந்தப் பொய்க்காகவே நீக்கலாம், வாரியத்திலும் அது தனிக் குற்றமாகும். ஆனால் கேள்வியைக் கூர்ந்து படியுங்கள். உங்கள் உரிமம் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானதா என்ற கேள்வியும், நீங்கள் ஏதேனும் கண்காணிப்புத் திட்டத்தில் இருக்கிறீர்களா என்ற கேள்வியும் வேறு வேறு. மாற்றுத் திட்டத்தில் மட்டும் இருப்பவர் முதல் கேள்விக்கு இல்லை என்று எழுதுவது உங்கள் மாநிலத்தில் சரியா என்பதைத் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பகிரங்க ஆணை உள்ளவர், என் கருத்தில், முதல் நேர்காணலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் எப்படியும் நர்சிஸில் பார்ப்பார்கள். அவர்கள் கண்டுபிடித்தது என்று ஆவதைவிட நீங்கள் சொன்னது என்று இருப்பது மேல். மாற்றுத் திட்டத்தில் உள்ளவர், மேலாளர் உங்கள் திறமையைப் பார்த்த பின், எழுத்துப்பூர்வமான ஆஃபர் வரும் நேரத்தில் சொல்லலாம். சட்டப் பாதுகாப்பும் அப்போதுதான் தெளிவாக அமைகிறது. எப்படியும் பழைய வேலையை ராஜினாமா செய்யும் முன் சொல்லியாக வேண்டும். பணியிடக் கண்காணிப்பாளர் கையெழுத்திடாமல் முதல் ஷிஃப்டுக்கே நீங்கள் போக முடியாது என்பதால், சொல்லாமலே சேர்ந்துவிடும் வழி எவருக்கும் இல்லை.

சொல்லும்போது சுருக்கமாகச் சொல்லுங்கள். என்ன மருந்து, எந்த இரவு, வீட்டில் என்ன நடந்தது என்ற கதையெல்லாம் நேர்காணலுக்கு உரியவை அல்ல. நான் ஒரு தொழில்முறைக் கண்காணிப்பு ஒப்பந்தத்தில் இருக்கிறேன், இத்தனை மாதமாக விதிகளை முழுமையாகப் பின்பற்றி வருகிறேன், இந்தப் பணியில் அது பாதிக்கும் விஷயங்கள் இவை இரண்டு, அவற்றை இப்படிச் சமாளிக்கலாம் என்பது போதும். சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் உடனே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். போதைப் பழக்கச் சிகிச்சைப் பதிவுகளுக்குக் கூட்டாட்சி அரசின் தனி இரகசிய விதிகள் இருக்கின்றன. நீங்கள் விதிகளைப் பின்பற்றுவதாகத் திட்டம் தரும் இணக்கக் கடிதமே பெரும்பாலும் போதுமானது.

பழைய வேலையை விட்டு, வீடும் மாற்றிவிட்டேன். இழப்பீடு கேட்க முடியுமா?

சில மாநிலங்களில் முடியும். ஒருவர் கொடுத்த வாக்கை நம்பி மற்றவர் நஷ்டப்பட்டால், அந்த நஷ்டத்தை மட்டுமாவது ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நீதிமன்றங்கள் ஏற்பதுண்டு. நீங்கள் கண்காணிப்பைப் பற்றி முன்பே சொல்லியிருந்து, அவர்கள் அதை அறிந்தே ஆஃபரை உறுதி செய்திருந்தால் உங்கள் வாதம் வலுவடையும். ராஜினாமாக் கடிதம், வீட்டு வாடகை ஒப்பந்தம், சாமான் ஏற்றிச் சென்ற வண்டிக் கட்டணம் ஆகியவற்றின் ரசீதுகளை வைத்திருங்கள். வேலையின்மை உதவித்தொகைக்கும் உடனே விண்ணப்பியுங்கள். கிடைக்குமா என்பது மாநில விதியைப் பொறுத்தது.

வேலையில்லாத மாதங்கள் கண்காணிப்புக் காலத்தில் சேருமா?

பலருக்குச் சேர்வதில்லை, மிகக் கசப்பான பகுதியும் இதுவே. பல ஆணைகள் குறிப்பிட்ட மாதங்களோ மணிகளோ செவிலியராகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்கின்றன. வேலையில்லாத காலத்தில் கடிகாரம் நிற்கிறது, பரிசோதனையும் கட்டணமும் மட்டும் தொடர்கின்றன. வேலை கிடைக்காததற்குக் காரணமே கண்காணிப்பு, கண்காணிப்பு முடியாததற்குக் காரணம் வேலை கிடைக்காதது என்ற இந்த வளையம் நியாயமற்றது என்றே நான் கருதுகிறேன். வாரியங்கள் இதை மாற்ற வேண்டும்.

அது மாறும் வரை உங்களால் செய்யக்கூடியது, ஒப்பந்தத்தை மாற்றித்தரக் கேட்பது. எத்தனை இடங்களில் விண்ணப்பித்தீர்கள், எங்கெல்லாம் ஆஃபர் திரும்பப் பெறப்பட்டது, எந்த நிபந்தனையால் என்பதற்கு ஒரு பதிவேடு வைத்து, நார்கோட்டிக் தடையைத் தளர்த்தவோ, இரவு ஷிஃப்டை அனுமதிக்கவோ, பகுதிநேரப் பணியைக் கணக்கில் எடுக்கவோ வழக்கறிஞர் மூலம் மனுச் செய்யலாம். பொத்தாம் பொதுவாகக் கஷ்டமாக இருக்கிறது என்று எழுதும் கடிதத்தைவிட, தேதி வாரியாக எழுதிய ஒரு பக்கம் வாரியத்தில் மதிக்கப்படும். ஆஃபர் திரும்பப் பெறப்பட்ட மின்னஞ்சலே உங்களுக்குச் சாட்சியாக மாறுவது இந்த இடத்தில்தான்.

எந்த வகை வேலைகளில் வாய்ப்பு அதிகம்?

நார்கோட்டிக் பெட்டகம் அன்றாடப் பணியில் இல்லாத இடங்களைத் தேடுங்கள். டயாலிசிஸ் மையங்கள், வெளிநோயாளி கிளினிக்குகள், காப்பீட்டு நிறுவனங்களில் சிகிச்சைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் பணி, கேஸ் மேனேஜ்மென்ட், தொலைபேசி ஆலோசனை, மருத்துவப் பதிவுகளில் இருந்து தரவு தொகுக்கும் தர மேம்பாட்டுப் பணி ஆகியவை அவற்றில் சில. போதை மீட்பு மையங்களும் மனநல மருத்துவமனைகளும் உங்களைப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். ஆனால் வீட்டிலிருந்தே செய்யும் பணியை எல்லாத் திட்டங்களும் ஏற்பதில்லை, நேரில் மேற்பார்வை வேண்டும் என்று கேட்கும். முன் அனுமதி பெறாமல் சேர்ந்தால் அதுவே மீறலாகிவிடும்.

வேறு மாநிலத்துக்குப் போய்விடலாமா?

இப்போதைக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப்பகுதிகளும் சேர்ந்துள்ள, ஒரே உரிமத்தில் பல மாநிலங்களில் பணிபுரிய வழிசெய்யும் செவிலியர் உரிமக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர் மட்டுமின்றி, மாற்றுத் திட்டத்தில் இருப்பவரும் அந்தக் காலம் முழுவதும் பல மாநிலங்களில் பணிபுரியும் உரிமையை இழக்கிறார். ட்ராவல் நர்ஸ் ஆகும் எண்ணம் இருந்தால் அதையும் ஒத்திவைக்க வேண்டும். தனியாக இன்னொரு மாநில உரிமத்துக்கு விண்ணப்பித்தால், அந்த மாநிலமும் அதே நிபந்தனைகளை விதிக்கலாம்.

வெறுத்துப்போய் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட நினைக்கிறேன்.

தயவுசெய்து இன்றைக்கு அதைச் செய்ய வேண்டாம். விசாரணையோ ஆணையோ நிலுவையில் இருக்கும்போது உரிமத்தைச் சரண் செய்வது பல மாநிலங்களில் ஒழுங்கு நடவடிக்கையாகவே பதிவாகும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அப்படிச் சரண் செய்தவரைக் கூட்டாட்சி சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் தன் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். அந்தப் பட்டியலில் பெயர் ஏறினால், மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் பணம் பெறும் எந்த நிறுவனமும் உங்களைச் செவிலியராக மட்டுமல்ல, அந்தப் பணத்தில் சம்பளம் வரும் அலுவலக வேலைக்குக்கூட எடுக்க முடியாது. உண்மையாகவே தொழிலை விட விரும்பினால், ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்யுங்கள். செவிலியராகப் பயின்று பின் சட்டம் படித்தவர்களுக்கென்றே அமெரிக்கச் செவிலிய வழக்கறிஞர்கள் சங்கம் இருக்கிறது, அங்கே தேடலாம்.

மருத்துவர் எழுதிய பியூப்ரனார்ஃபின் எடுத்துக்கொள்கிறேன். அதனால் வேலையை மறுத்தார்கள்.

இதில் உங்கள் பக்கம் வலுவானது. ஓபியாய்டு பழக்கத்துக்குச் சிகிச்சையாக முறைப்படி எழுதித் தரப்பட்ட பியூப்ரனார்ஃபின், மெதடோன் போன்றவற்றை எடுப்பது சட்டவிரோதப் பயன்பாடு ஆகாது என்று அமெரிக்க நீதித் துறை 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொன்னது. அதற்கு முந்தைய மாதம், இவ்வகை மருந்து எடுக்கும் செவிலியரை மீட்புத் திட்டத்தில் தொடர விடாத இண்டியானா மாநிலச் செவிலியர் வாரியம் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறியதாக அதே துறை முடிவு கூறியது. ஆகவே, வேலைக்காக மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்படி நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

கிரீன் கார்டில் அல்லது விசாவில் இருக்கிறேன். வேறு ஏதும் கவனிக்க வேண்டுமா?

ஆம், இதை மிக அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் படித்து இங்கே வந்த செவிலியர்களுக்கு உரிம வழக்கறிஞரின் ஆலோசனை மட்டும் போதாது. நாட்டுக்குள் வந்தபின் எந்தக் காலத்திலாவது போதைப்பொருளுக்கு அடிமையாக இருந்த வெளிநாட்டவர் நாடு கடத்தப்படத் தக்கவர் என்று அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்தில் பார்க்கப்படும் நன்னடத்தைக் காலத்தில் மிதமிஞ்சிய குடிப்பழக்கம் இருந்தாலும் அது தடையாகலாம். வாரியத்தின் ஒப்புதல் ஆணையில் ‘நான் இன்ன மருந்தைத் திருடிப் பயன்படுத்தினேன்’ என்ற வாசகத்தில் கையெழுத்திடும் முன், ஒரு குடியேற்ற வழக்கறிஞர் அந்த வாக்கியத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர் பழைய வேலையை விட்டபின் புதிய வேலை கைநழுவினால், பொதுவாக 60 நாள் அவகாசம் மட்டுமே உண்டு. அதற்கு மேலும் போகாது, தங்குவதற்கான அனுமதி முடியும் தேதி முன்னதாக வந்தால் அதுவே எல்லை.

சாப்பாட்டாலோ நாட்டு மருந்தாலோ பரிசோதனை தவறாகுமா?

ஆகும். கசகசாவில் மார்ஃபினும் கோடினும் சிறிதளவு ஒட்டியிருக்கும். அது சிறுநீரில் தெரியும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையே 2023 பிப்ரவரியில் தன் படையினரைக் கசகசா சேர்த்த உணவைத் தவிர்க்கும்படி எச்சரித்தது. நம் வீட்டுக் குருமாவிலும், கல்யாண வீட்டுச் சால்னாவிலும், கசகசாப் பாயசத்திலும் அது உண்டு. கண்காணிப்பு முடியும் வரை அரைத்த மசாலா எதுவானாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தசமூலாரிஷ்டம், திராட்சாசவம் போன்ற அரிஷ்ட, ஆசவ வகைகளில் நொதித்தலால் தானாகவே ஆல்கஹால் உருவாகிறது. ஊரிலிருந்து அம்மா அன்பாக அனுப்பியதாக இருந்தாலும் தொட வேண்டாம். மது உடலில் சேர்ந்ததைக் காட்டும் இ.டி.ஜி. எனப்படும் சிறுநீர்ப் பரிசோதனை மிக நுட்பமானது. சில இருமல் மருந்துகளும், ஆல்கஹால் கலந்த மௌத்வாஷும்கூட அதில் தெரியலாம். பரிசோதனைக்கு முன் பயத்தில் நிறையத் தண்ணீர் குடிப்பதும் தவறு. சிறுநீரில் கிரியேட்டினின் அளவு டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீர்த்த மாதிரி என்று எழுதுவார்கள், அதுவும் சிக்கலே.

வீட்டில் யாருக்கும் தெரியாது. தனியாகவே சமாளிக்கிறேன்.

நர்ஸ் அக்கா என்று தெருவே மரியாதையாகக் கூப்பிட்ட ஒருவர், வேலை ஏன் இன்னும் கிடைக்கவில்லை என்று ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு பொய்யைக் கண்டுபிடிப்பது எவ்வளவு களைப்பானது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். ஆனால் காலைப் பதிவு செய்தாயா என்று கேட்க ஒரே ஒரு மனிதராவது வேண்டும்; அது கணவராகவோ மனைவியாகவோ, கூடப் படித்த தோழியாகவோ இருக்கலாம். பல மாநிலத் திட்டங்களில் செவிலியர் மட்டுமே கூடும் சக ஆதரவுக் குழுக்கள் உண்டு; ஆஃபர் திரும்பப் பெறப்பட்டதைச் சொன்னால் அங்கே யாரும் அதிர்ச்சியடைய மாட்டார்கள்.

செவிலியர்களிடையே தற்கொலை அபாயம் பொதுமக்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உரிமமும் வருமானமும் ஒரே நேரத்தில் ஆட்டம் காணும் மாதங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவை. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். திட்டத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி அழைக்காமல் இருக்க வேண்டாம். தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

கண்காணிப்பு முடிந்தபின் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

மாற்றுத் திட்டத்தை முடித்தவருக்குப் பெரும்பாலும் பொதுப் பதிவு எதுவும் இருக்காது. பகிரங்க ஆணை உள்ளவருக்குத் தடை நீங்கியதாக நர்சிஸில் மாறும், ஆனால் ஆணை ஒருகாலத்தில் இருந்தது என்ற குறிப்பு பொதுவாகத் தொடரும். விண்ணப்பத்தில் ‘எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானீர்களா’ என்று கேட்டால் ஆம் என்றே எழுத வேண்டும். நிறைவுக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு நகல் எடுத்து வையுங்கள். தடை நீங்கிய விவரம் நர்சிஸில் ஏறிவிட்டதா, கூட்டு ஒப்பந்த உரிமை திரும்ப வந்துவிட்டதா என்று நீங்களே சரிபாருங்கள். வாரியத்தின் அலுவலகத் தாமதத்தால் பழைய நிலையே இன்னும் தெரிந்தால், அது திருத்தப்படும் வரை புதிய விண்ணப்பம் எதையும் அனுப்ப வேண்டாம். முன்பு உங்களை மறுத்த மேலாளருக்கு நீங்கள் எழுதிய அந்த மின்னஞ்சல் இன்னும் இருந்தால், அதற்கே பதிலாக, கட்டுப்பாடு இன்ன தேதியில் நீங்கிவிட்டது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.